எழுபத்திரண்டில் ஒன்று

பெர்கனில் பிப்ரவரி மழை.
ஊன்றுகோல் இரண்டையும் கல்லாவில் சாய்த்துவிட்டு
அலமாரி முன் ஒற்றைக்காலில் நிற்கிறேன்.
முட்டியைப் பிரித்து மூட்டியிருக்கிறார்கள்.
ஆறு வாரம் உட்கார வேண்டுமாம்.
"உனக்கு உட்காரத் தெரியாது,
கைக்கு ஏதாவது வாங்கிக்கொள்" என்று சொல்லி
எதிர்க்கடையில் காப்பி குடிக்கப் போய்விட்டாள் ஸின்னொவ.

முதல் பெட்டி.
காகிதக் கப்பல்கூட ஒழுங்காய் மடித்தவனில்லை நான்.

மேல்தட்டில் முப்பத்தைந்தில் ஒன்று.
இரு கை கொள்ளாத போர் ஹெலிகாப்டர்,
அறுநூற்றுச் சொச்சம் உறுப்புகள்.
அட்டைப்படத்தில் ஈச்சமரங்கள் எரிகின்றன.
சாப்பாட்டு மேசையில் அது வேண்டாம்.

அடுத்தது பசை கேட்காத வகை.
அழுத்தினால் பொருந்தும்,
எட்டு வயதுக்கு மேல் எவரும் செய்யலாம்.
அதுவும் எனக்கு வராமல் போனால்?
மெல்லத் திருப்பி வைத்தேன்.

பிறகு ஒரு தும்பி.
மூக்கு முழுக்கக் கண்ணாடிக் குமிழ்.
ஆசையாய் எடுத்தேன்.
கல்லாவிலிருந்த ஒட்னி
காதுக்கருவியில் ஒன்றை மட்டும் கழற்றினாள்:
"கண்ணாடியில் பசைப்புகை படிஞ்சா
மூடுபனிதான். விலகவே விலகாது."
மூடுபனி எனக்குப் போதும்.

கீழ்த்தட்டில், ரயில் பெட்டிகளுக்குப் பின்னால்,
முனை நசுங்கிக் கிடந்தது
சீ கிங்.
வேறு யாரோ நாட்டுக் கடற்படையின் சாம்பல் நிறம்.
இருந்தாலும் அதேதான்,
பதினோரு ஆண்டு நான் தொங்கியது.

மூடியைத் திறந்தேன்.
கொடியில் அவரைக்காய் போல் உறுப்புகள்.
இறக்கைகள் ஐந்தும் அடிக்கோல் மாதிரி நேராக.
தரையில் நிற்கும்போது அவை தொய்ந்துதான் கிடக்கும்,
வேலை முடிந்தவன் கைகள் போல.
சுற்றினால்தான் நிமிரும்.
சொன்னேன்.
"வெந்நீர்ல முக்கி வளைங்க" என்றாள் ஒட்னி.

முப்பத்தேழாம் எண், வின்ச்.
ஓர் அரிசி நீளம்.

எழுபத்திரண்டால் வகுத்தால்
என் எண்சாண் உடம்பு
கட்டைவிரலின் மேல்கணுவுக்குள் அடங்கிவிடும்.
பன்னிரண்டு மீட்டர் அலை
ஒரு சாண்கூடத் தேறாது.
ஸ்டாட் முனைக்கு வெளியே அந்த மீன்பிடிக் கப்பல்
இந்தக் கல்லாமேல் நிற்கும், ரசீதுப் புத்தகத்தின் பக்கத்தில்.
சமையற்காரர் என் கழுத்துப்பட்டையைப் பிடித்தவர்
மேலே ஏற்றிய பிறகும் விடவில்லை.
வெங்காய வாசனை அடித்தது அவர்மேல்.
இன்னொருவருக்காகத் திரும்ப இறங்கினேன்.
அலை மட்டும் இருந்தது.

அதையும் வகுத்துப் பார்த்தேன்.
மீதி நிற்கிறது.

செய்முறைத் தாளில் கதவுக்கு இரண்டு படம்.
மூடி ஒட்டுவது சுலபம்,
உள்ளே இருக்கைகூடப் பொருத்த வேண்டாம்.
திறந்து ஒட்டினால் எல்லாம் தெரியும்.

"முதல் பெட்டி எப்படியும் பாழாகும்,"
ஒட்னி திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை,
"ரொம்பப் பிடிச்சதை முதல்ல எடுக்காதீங்க."

"இதே மாதிரி இன்னொன்று இருக்கிறதா?"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.
ஏணியைத் தேடிப் போனாள்.

ஃப்ளோரோ போகும் விரைவுப் படகில்
மடியில் இரண்டு பெட்டிகள்.
ஒன்று பாழாக்க.
"ஒன்று போதாதா?" என்ற ஸின்னொவ
பதில் வருமுன் என் தோளில் தூங்கிப்போனாள்.

உறுப்புப் பட்டியலை இரண்டு தரம் படித்துவிட்டேன்.
வின்ச் இருக்கிறது, கொக்கி இருக்கிறது,
வடம் இல்லை.
ஐந்து மில்லிமீட்டர் எஃகு.
எழுபத்திரண்டால் வகுத்தால்
எந்த நூலும் தடிமன்தான்.

என் கோட்டில் ஒட்டிக் கிடந்தது
அவளுடைய நரைமுடி ஒன்று.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
மயிரிழையில் தப்பினார்கள் என்று
செய்தித்தாளில் எழுதுவார்கள்.
அளவு சரியாகத்தான் இருக்கிறது.

செய்முறைத் தாளுக்குள் வைத்து மடித்தேன்,
கதவுப் படங்கள் இருந்த பக்கத்தில்.
படகு குலுங்கியது.
அவள் விழிக்கவில்லை.