நாற்காலியும் தரப்படும்

மொண்டேவிடியோவில் நூற்று இருபத்தொன்றாம் எண் பேருந்து.
எனக்கு முன் இருக்கையில் ஒரு பெண்.
அக்குளில் வெந்நீர்க் குடுவை, கையில் மாத்தேச் சுரைக்குடுக்கை,
மடியில் அன்றைய செய்தித்தாள்,
பதினான்காம் பக்கம்.
அது என் பக்கம்.

இடது பாதியில் என் கட்டுரை:
"பொறுமையைப் பற்றிச் சில சிந்தனைகள்."
பதினொரு நாள் எழுதியது.
வாசலிலேயே இரண்டு கிரேக்கர்கள்,
அவர்களை மறுக்க ஒரு ஜெர்மானியர்,
மூவரையும் சமாதானப்படுத்த நான்.

அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.
திருட்டுத்தான். வேறெப்படித் தெரிந்துகொள்வது?

முதல் கிரேக்கரைக் கடந்தாள்.
குழலில் ஒரு மிடறு.
இரண்டாமவரிடம் கொட்டாவி.
ஜெர்மானியர் வாயைத் திறப்பதற்குள்
அவள் கண் பத்தியின் விளிம்பில் வழுக்கி
வலது பக்கம், வரி விளம்பரங்களில் போய் விழுந்தது.

விழுந்த இடத்திலேயே நின்றது.

"குளிர்பெட்டி விற்பனைக்கு.
கதவு சரியாக மூடாது.
நாற்காலியை அண்டக் கொடுத்தால் மூடும்.
நாற்காலியும் தரப்படும்."

சிரித்தாள். திரும்பப் படித்தாள்.
பக்கத்தில் சாக்குப் பையோடு இருந்தவரை
முழங்கையால் இடித்துப் படித்துக் காட்டினாள்.
"நாற்காலியை ஏன் கொடுக்கிறான்?"
"ரெண்டும் பழகிப்போயிருக்கும்."
"அப்படியானால் இத்தனை நாள் எதில் உட்கார்ந்தான்?"
பின்னாலிருந்து ஒரு மாணவன்:
"நின்றுகொண்டே சாப்பிடுகிறவன் தனி ஆள்தான்."
மூன்று நிறுத்தம் வரைக்கும் நாற்காலிப் பேச்சு.
என் பொறுமை
நாலு விரற்கடை தள்ளி
யாரும் தொடாமல் கிடந்தது.

இறங்கியதும் அந்த எண்ணுக்குத் தொலைபேசினேன்.
லா தேஹாவில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குப் பின்தெரு.
வாஷிங்டன் ஒலிவேரா,
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்.
விளம்பரத்தைக் காட்டி, "இதை எழுதியது யார்?" என்றேன்.
ஏதோ புகார் என்று நினைத்துவிட்டார்.

"முதலில் நிறைய எழுதினேன்.
என்ன நிறம், எந்த வருடம்,
மாமியார் வாங்கிக் கொடுத்த கதை.
சொல்லுக்குச் சொல் காசு கேட்டார்கள்.
பாக்கெட்டைப் பார்த்தேன், அடித்துவிட்டேன்."

"கடைசி வரிக்கும் காசுதானே?"

யோசித்தார். பொட்டியைத் தட்டினார்.
"அது இல்லையென்றால் அதற்கு முந்தின வரி பொய்.
வேறு நாற்காலி உயரம் சேராது."

எனக்கோ பத்திரிகை
சொல்லுக்குச் சொல் காசு தருகிறது.
கோளாறு அங்கேதான் என்று
திரும்பும் வழியெல்லாம் தோன்றிக்கொண்டிருந்தது,
மூன்று சக்கர வண்டியில் குளிர்பெட்டியையும்
அதன்மேல் கவிழ்த்துவைத்த நாற்காலியையும்
கயிற்றோடு பிடித்தபடி.

பேரம் பேசவில்லை.

என் மேசைக்கும் அந்த நாற்காலிதான்
சரியான உயரம்.
அதை இழுத்துப் போட்டு எழுத உட்கார்ந்தால்
முதுகுக்குப் பின்னால் கதவு
மெல்லத் தன்பாட்டில் திறக்கிறது.
உள்ளே பால், இரண்டு மீன்,
நேற்றைய சூப்பு.
கிரேக்கர்களை வரவேற்று உட்காரவைக்க
இனி இந்த வீட்டில் நேரமும் இல்லை,
இன்னொரு நாற்காலியும் இல்லை.

இதோ, தரையில் முதல் சொட்டு.
சரி, விஷயத்துக்கு வருகிறேன்.