இருபது கிலோ

சிலிம் ரிவர் ஆலைக்கு வெளியே
பதினேழு லோரிகள்.
உள்ளே எடைமேடைக் கணினியில் ஒரே வரி:
உரிமம் காலாவதி.
வெட்டிய குலை காத்திருக்காது,
மணி ஏற ஏற எண்ணெயில் புளிப்பு ஏறும்.
கோலாலம்பூருக்கு அழைத்தால்
ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து,
அப்புறம் பியானோ.

வீட்டுச் சாவியோடு கோத்திருந்த பென்டிரைவில்
என்னிடம் ஓர் இயங்குதளம் இருந்தது.
எழுதியவர்கள் ஆயிரம் பேர்,
ஒருவர் முகமும் தெரியாது.
"ஓசியா?" என்றார் லோரிக்கார அஞ்சப்பன்.
காசு சின்ன விஷயம், அண்ணே.
பூட்டு இல்லை. அதுதான்.
"அப்ப முதலாளி யாரு?"
யாருமில்லை.
சிரித்துவிட்டார்.
மரத்துக்கு, லயத்துக்கு,
லயத்துக்குப் பின்னால் விழும் நிழலுக்கும்
நம்பர் போட்ட ஊர் இது.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடியது.
கெர்னல் ஏறுகிறது என்றேன்.
பாய்லர் சன்னாசிக்கு அது தெரிந்த சொல்,
செம்பனைக் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு.
அதைச் சுற்றி ஷெல் என்றேன்.
"அதத்தானே நான் அடுப்புல அள்ளிப் போடுறேன்?"
ஆமாம் என்று சொல்லிவிட்டேன்,
விளக்க நேரமில்லை.
பாதி சரியும்கூட:
ஓட்டின் வழியாகத்தான் பருப்போடு பேச முடியும்.

பின்னால் சில வேலைகள் எழுந்து உட்கார்ந்தன.
டீமன் என்று பெயர்.
கண்ணில் படாது, தூங்காது.
தோட்டத்து எல்லையில் சுருட்டோடு நிற்கும்
முனீஸ்வரரை நினைத்துக்கொண்டேன்.
இவரைக் கும்பிட வேண்டாம்,
விழித்திருக்கிறாரா என்று
பதிவேட்டைப் பார்த்தால் போதும்.

விடிய நாலு மணிக்கு
அஞ்சப்பன் லோரி முதலில் ஏறியது.
சீட்டில் 11,370.
அவர் நகரவில்லை.
பின்னால் ஹாரன்.
சன் வைசருக்குப் பின்னாலிருந்து
ரப்பர் பேண்டு போட்ட பழைய சீட்டுக்கட்டை எடுத்தார்.
ஐம்பதில் முடிந்தது,
நூறில் முடிந்தது,
மறுபடி ஐம்பது.
ஆறு வருஷம்
ஒரு குலைகூட எழுபதில் முடியவில்லை.

பழைய மென்பொருள் இதை
11,350 என்று போட்டிருக்கும்.
இருபது கிலோ.
டன் கணக்கில் கூலி வாங்கும் வெட்டுக்காரர்கள் யாரும்
அந்த இருபதைக் கேட்டதில்லை,
கேட்பதற்கு அது எங்கும் எழுதப்படவில்லை.
எஞ்சிக் ரோஸ்லான் தே ஓவைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.
"பழசைத் திறந்து பார்க்க முடியாது, அமுதினி.
வாங்கும்போதே அப்படித்தான் கையெழுத்து."

ரெண்டாம் நாள் புதிதும் தப்பு செய்தது.
முதல் இலக்கத்தை விழுங்கி
1,370 என்றது.
ரோஸ்லான் முகத்தில் லேசான நிம்மதி.
ஆனால் இதைத் திறக்கலாம்.
நாலாயிரம் வரியில்
ஒரு வரி அவசரப்பட்டிருந்தது,
தராசு பேசி முடிப்பதற்குள் காதை எடுத்தது.
திருத்தி, எழுதியவர்களுக்கே அனுப்பினேன்.
பனி நாட்டிலிருந்து யாரோ ஒருவர்
மூன்று நாள் கழித்து:
உள்தள்ளல் சரியில்லை, மாற்றி அனுப்பு.
அவ்வளவுதான்.
மாற்றி அனுப்பினேன்.
அடுத்த பதிப்பில் அது இருந்தது,
இப்போது எந்த ஊர்த் தராசும்
முழுதாகப் பேசி முடிக்கும்.

அஞ்சப்பன் ஒன்று கேட்டார்:
"அந்த எடை போடுற கணக்க மட்டும்
பேப்பர்ல அடிச்சுத் தா."
இருபத்திரண்டு வரி.
உங்களுக்குப் படிக்க வராதே, அண்ணே.
"எனக்கு வராது. படிக்க வர்றவன் வருவான்."
நாலாக மடித்துச் சீட்டுக்கட்டோடு சொருகினார்.

மழை பிடித்துக்கொண்டது.
மேடையில் அடுத்த லோரி.
9,840.