ஐந்தாம் கால்

வலையின் வாலில் கட்டிய குப்பியைக் கழற்றி
விளக்கில் தூக்கிப் பார்த்த வால்டெனோர்
கஞ்சி என்றார்.
சரிதான்.
இட்டமராக்கா தீவின் கால்வாயில்
இரவு ஏற்றத்தில் பத்து நிமிடம் இழுத்தால்
கடல் அப்படித்தான் வரும்:
பழுப்பாய், கொழகொழவென்று,
ஒவ்வொரு பருக்கையும் நீந்திக்கொண்டு.

படகின் பெயர் தெய்மோசா.
அவர்கள் போர்த்துகீசில் பிடிவாதக்காரி.
மூன்று தரம் கயிறு இழுத்தால்தான்
இயந்திரம் இருமும்.

காலையில் மழை.
ஃபார்மலின் வாடைக்குள் இரானெய்டி உட்கார்கிறாள்.
கஞ்சியில் எட்டில் ஒரு பங்கு,
அதிலும் ஒரு கரண்டி,
கோடு கிழித்த கண்ணாடித் தட்டில்.
இடக்கை எண்ணுங்கருவியை அமுக்குகிறது.
டக். முள்தொப்பி போட்ட நண்டுக்குஞ்சு.
டக். கண் மட்டும் பெரிதான இறால்குஞ்சு.
ஒரு மீன் முட்டை, அது இவள் கணக்கில் சேராது.
பிறகு துடுப்புக்காலிகள், துடுப்புக்காலிகள்,
எள்ளில் பாதி,
கொம்புகளை இரு பக்கமும் விரித்து,
ஒன்றைப் போலவே இன்னொன்று
என்று எனக்குத் தோன்றும்படி.

அவளுக்குத் தோன்றாது.
பதினேழு வருடம் பார்த்த கண்.
முகத்தைப் பார்க்காதே, காலைப் பார் என்கிறாள்.
முன் நாலு சோடி நீந்துவதற்கு.
ஐந்தாம் சோடி, ஆணுக்கு, பெண்ணைப் பற்றுவதற்கு:
ஒரு பக்கம் இடுக்கி, மறுபக்கம் கொக்கி,
கோணல்மாணலாய்,
இனத்துக்கு இனம் வேறு கோணல்.

அதைப் பிரித்தெடுக்க
கார்க்கில் செருகிய ஊசி,
கிளிசரின் ஒரு சொட்டு,
நிறுத்திய மூச்சு.
தும்மினால் ஓர் ஆதாரம் போயிற்று.

என் மொழியில் ஐந்தாம் வேற்றுமைக்கு
நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என நாலு வேலை.
பள்ளியில் நெட்டுருப்போட்டு மறந்தது
இவள் ஊசிமுனையில் திரும்ப வந்தது.
நீக்குகிறாள், ஒப்பிடுகிறாள், எல்லை போடுகிறாள்.
ஏதுவைக் கேட்டேன்,
எதனால் இத்தனை வகை என்று.
விளக்கைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னாள்.

பிறகு திறவுகோல்,
முனை மடங்கிய புத்தகம்.
வால்முள் உண்டா? உண்டெனில் ஏழுக்குப் போ.
இல்லையெனில் பன்னிரண்டுக்கு.
பன்னிரண்டு கேட்கிறது:
இடக்காலின் கடைசிக் கணு நீளமா, குட்டையா?
செவ்வாய்க்கிழமை நாலாம் கோட்டில் கிடந்த ஒன்று
நீளமுமில்லை, குட்டையுமில்லை.
இருபத்தொன்பதுவரை போய்ப் பார்த்துப்
பன்னிரண்டுக்கே திரும்பினாள்.
மறுபடி ஏழு.
சாப்பாடு ஆறிப்போயிற்று.
அந்தப் புத்தகத்தில் அதற்கு வாசலே இல்லை.

வரைந்தாள், மயிர் மயிராக.
ஓரத்தில் பென்சிலால் ஒரு பெயர்:
தெய்மோசே.
படகின் பெயருக்கு லத்தீன் வால்.
வால்டெனோரிடம் மட்டும் சொன்னாள்,
உன் படகு பிள்ளை பெறப்போகிறது என்று.
அவர் அடிப்பலகை சுரண்டுவதை நிறுத்தவில்லை.
முதலில் எஞ்சினைத் தாங்கட்டும் என்றார்.
அவர் உளியில் சிதறிய கொட்டலசுகளும்
அந்தக் குடும்பத்துப் பங்காளிகள்தான்.
அதை அவள் சொல்லவில்லை.

பதினோராம் நாள்
பெலெம் நகரத்து ஒசியாஸிடமிருந்து பதில்:
கால் அருமையாக வரைந்திருக்கிறீர்கள்.
ஆனால் கணுக்கள் இன்னும் பிரியவில்லை.
இன்னும் ஒரு சட்டை உரிக்க வேண்டியிருந்த பையன் இவன்.
திறவுகோல் வளர்ந்தவர்களுக்கு.

ஒரே ஒரு சட்டை.
இரண்டு நாள் வேலையாக இருந்திருக்கும், கூடினால் மூன்று.
அதற்குள் வலை.

ரப்பரை எடுத்தாள்.
பென்சிலால் எழுதுவது அழிப்பதற்காக அல்ல,
சாராயத்தில் மை கரையும் என்பதால்.
ஆனாலும் அழிக்க வசதி.
நாலெழுத்து போன இடத்தில்
காகிதம் மெலிந்து
கீழே மேசையின் கருப்பு தெரிந்தது.
அதன்மேலேயே எழுதினாள்:
வளராத ஆண், ஒன்று.
டக்.

இன்னும் ஐந்து கோடு பாக்கி.
வெளியே, மழை விட்ட துறையில்,
யாரோ கயிறு இழுக்கிற சத்தம்.
ஒன்று.
இரண்டு.