எடைமேடையில் ஒரு மனு

வெற்று வண்டி ஒன்பது டன் இருநூறு.
சரக்கோடு பத்தொன்பது நாற்பது.
கழித்தால் மாங்காய்.
பதினோரு வருஷமாக இந்தக் கழித்தல்தான் என் பிழைப்பு,
காவேரிப்பட்டணம் சாலையில்
கூழ் ஆலைக்கு எதிரே, தகரக் கூரைக்குக் கீழே.

போன மார்கழியில்
ஆலைத் தணிக்கைக்கு வந்தவர் விட்டுப்போன தாளில்
ஒரு கணக்கு கண்ணில் பட்டது:
ஒரு லிட்டர் டீசல் முக்கால் கிலோவுக்குச் சற்று மேல்.
எரிந்த பிறகு அதன் கரிவாயு
இரண்டரை கிலோவுக்கும் மேல்.
அன்றைக்குத் தூக்கம் இல்லை.
எடை போடுகிறவளுக்கு இது திருட்டு மாதிரி.
பிறகு புரிந்தது, எரிகிறபோது
காற்றிலிருந்தே பிராணவாயுவைப் பிடுங்கிக்கொள்கிறது.
வருகிற வழியில் ஆள் சேர்த்துக்கொண்டு
பந்தியில் உட்காரும் விருந்தாளி.

என் மேடைக்கு இருபது கிலோவுக்குக் கீழே கண் தெரியாது.
புகைக்கோ மேடையே கிடையாது.

அதனால் மனு எழுதினேன், தொகுதி எம்.பி.க்கு.
கரிப் புகைக்கு நாடு முழுக்க ஒரே விலை வையுங்கள்.
தோண்டுகிற இடத்திலும் துறைமுகத்திலும் அதை வாங்குங்கள்.
வாங்கியதைக் குடும்ப அட்டைக்குத் திருப்பிக் கொடுங்கள்.
மூன்றே வரி.
சீட்டு கொடுக்கிற ஜன்னலில்
கயிறு கட்டி ஒரு பேனா.

முதல் வாரம் ஏழு கையெழுத்து.
பழம் கழுவும் தேவகி படிக்காமலே போட வந்தாள்.
தாளை இழுத்துக்கொண்டு படித்துக் காட்டினேன்.
"அப்ப சிலிண்டர் விலை?"
அதுவும் ஏறும் என்றேன்.
பேனாவை வெகுநேரம் பிடித்திருந்தாள்.
போட்டாள், என் முகத்தைப் பார்க்காமல்.

மாதப்பன் போடவில்லை.
"கிருஷ்ணகிரி டோல்கேட்டுல தர்றேன்,
தொப்பூர்ல தர்றேன், டயருக்குத் தர்றேன்.
இனிமே மூச்சு விடவும் தரணுமா?"
மூச்சுக்கு இல்லையண்ணா, புகைக்குழாய்க்கு.
"வண்டிதானேம்மா என் மூச்சு."
என்னிடம் பதில் இல்லை.
சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.

ஆனியில் முனிரத்தினம் வந்தார், வேப்பனப்பள்ளியிலிருந்து,
டிராக்டர் நிறைய பெங்களூரா.
பூ இரண்டு தரம் விட்டு இரண்டு தரம் கருகிய வருஷம்.
திரும்புகையில் இரண்டு சீட்டை ஜன்னலில் பரப்பினார்.
என்னுடையதில் நாலு டன் அறுநூறு.
ஆலையுடையதில் மூணு டன் தொள்ளாயிரம்.
கழிவு: வெயில் வெம்பல்.
"இந்த எழுநூறு யார் கணக்கும்மா?"

எழுநூறும் புகையால்தான் என்று
நான் சத்தியம் பண்ண மாட்டேன்.
எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் மேடை இல்லை.
ஆனால் பூஜ்யம் இல்லை, அது தெரியும்.
அவரிடம் இவ்வளவுதான் சொன்னேன்:
விலை எப்போதோ வைத்தாகிவிட்டது.
பில்தான் தப்பான வீட்டுக்கு வருகிறது.

பின்னால் வரிசையில் நின்றிருந்த மாதப்பன்
வண்டியை அணைக்காமலே இறங்கி வந்தான்.
பேனாவை இழுத்தான், கயிறு போதவில்லை,
தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.
மூன்றாவது வரிக்குக் கீழே கோணல் கோணலாக:
'எவ்வளவு, எந்தத் தேதியில் என்று முதலில் எழுதவும்.'
பேருக்குப் பதில் வண்டி நம்பர்.
இது கையெழுத்தா, ஆட்சேபணையா? என்றேன்.
"எடை போட்டுக்க."

அன்று இரவு மனுவைத் திருப்பி எழுதினேன்.
இப்போது நாலு வரி.
நூற்று முப்பத்தாறு பேர்,
நாளைக் காலைத் தபாலுக்கு.
கட்டை மேடையின் நடுவில் வைத்துப் பார்த்தேன், சும்மாதான்.
சிவப்பு எழுத்தில் பூஜ்யம்.

போச்சம்பள்ளி பக்கமிருந்து ஹாரன்.
கட்டை எடுத்துக்கொண்டு இறங்கி
வரலாம் என்று கை காட்டினேன்.