யெஃபீமின் கடைவாய்ப்பல்

ஜனவரியில் பணம் வரவில்லை.
பொன் உப்பு வாங்கும் படிவம்
மூன்று மேசைகளில் மூன்று கையெழுத்துக்காகப் படுத்துக்கிடந்தது.
ஓப் அணையின் நீர் உறைந்து
அதன்மேல் மீன்பிடிக்கிறவர்கள் கூடாரம் அடித்திருந்தார்கள்.

ஆய்வுக்கூடத்துக்குக் கண்ணாடி ஊதும் யெஃபீம்
என் மேசையில் ஒரு தீப்பெட்டியை வைத்தார்.
உள்ளே பஞ்சில்
அவருடைய கடைவாய்ப்பல்லின் பொன்தொப்பி.
"ஆட ஆரம்பித்துவிட்டது, செசெக்மா.
விழுங்கித் தொலைப்பதற்குள் வைத்துக்கொள்."

ஏன் என்று கேட்கவில்லை.
அவர் தம்பி குளியல்குடிலில் இறந்தது
மாடிப்படி துடைப்பவருக்கும் தெரியும்.
தணல் அடங்குமுன் புகைவழியை மூடிவிட்டான்.
மணமில்லாத வாயு. நிறமில்லாத வாயு.
கதவை உடைத்தபோது
கன்னம் மட்டும் நல்ல சிவப்பாக இருந்ததாம்,
வெளியே பனியில் விளையாடிவிட்டு வந்தவன்போல.

ராஜதிராவகத்தில் பல்லைப் போட்டேன்.
முப்பது வருடம் இறைச்சி மென்றது
முக்கால் மணியில் கரைந்தது.
வெள்ளி, தயிர்போல் அடியில் இறங்கியது.
செம்பு பச்சையாகப் பிடிவாதம் பிடித்தது.
ஆக்சாலிக் அமிலம் விட்டதும்
பொன் வந்தது, பொன்னாகத் தெரியாமல்,
மழைக்காலச் செருப்பிலிருந்து வழித்த சேறாக.
கழுவி, மறுபடி கரைத்து,
டைட்டானியாப் பொடியோடு எழுபது டிகிரியில் வைத்து
துளித்துளியாகச் சோடா.

முதல் பாதியைக் கெடுத்தது நான்தான்.
அன்று கடைசிப் பேருந்தைப் பிடிக்கவேண்டி
நான்கு முறையோடு கழுவலை நிறுத்தினேன்.
மிச்சமிருந்த குளோரைடு
உலையில் துகள்களை ஒன்றையொன்று தேடிப்போக வைத்தது.
நுண்ணோக்கியில் பார்த்தால்
கூடி, உருகி, கொழுத்துக் கிடந்தன.
மறுபடியும் நகைக்கடைப் பொன்.
எதற்கும் அசையாத சீமாட்டி.
அரைப்பல் போயிற்று.
யெஃபீமிடம் சொல்லவில்லை.

இரண்டாம் பாதியைப் பதினோரு முறை கழுவினேன்.
வடிந்த நீரில் வெள்ளி நைட்ரேட் விட்டால்
மேகம் கட்டக்கூடாது.
பதினோராவது முறைதான் கட்டவில்லை.
முந்நூறு டிகிரியில் சுட்டு எடுத்தபோது
பொடி கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது.

கடுகைப் போலன்று பொன்.
சிறுத்தபிறகுதான் காரமே வருகிறது.
ஒரு துகளுக்கு எண்ணூறு அணு, கொஞ்சம் முன்பின்.
அவற்றில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வெளியே நிற்கின்றன,
விளிம்பில், மூலையில்,
பிடித்துக்கொள்ள அண்டைவீட்டார் போதாமல்.
அந்தக் குறைதான் வேலை செய்கிறது.
பல் முழுவதையும் இப்படி நுணுக்கி விரித்தால்
எங்கள் அடுக்ககத்தில் மூன்று வீட்டுத் தரை என்று
கணக்குப் போட்டுப் பார்த்தேன்,
வாடகை நினைவு வந்து நிறுத்திக்கொண்டேன்.

சோதனைக்குக் குளிர்பெட்டி பழுது.
குழாயை மாடிமுகப்புக்கு இழுத்தோம்.
வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
யெஃபீம் ஊதிய கண்ணாடிக்குழல்,
அதற்குள் யெஃபீமின் பல்.
ஒரு முனையில் தம்பியைக் கொன்ற வாயுவைக்
காற்றோடு கலந்து விட்டேன்.
மறுமுனையில் முள்
இறங்கியது,
இறங்கியது,
சுழியத்தில் போய்ப் படுத்தது.
விறகே பற்றாத அந்தக் குளிரில்
யாரோ இருவரை அறிமுகம் செய்துவைத்துவிட்டு
தரகுக்காசு கேட்காமல்
அடுத்த இருவரிடம் திரும்பிக்கொண்டிருந்தது பொன்.

யெஃபீம் குனிந்து பார்த்தார்.
"இதில் என் பல் எது?"
ஊதாப் பொடியைக் காட்டினேன்.
"முழுசுமா?"
"பாதி," என்றேன் அப்போதுதான்.
கொஞ்சநேரம் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பல் இருந்த இடத்தில் நாக்கு போய்ப்போய் வந்தது.
கையுறையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்.

ஏப்ரலில் பொன் உப்பு வந்தது,
முத்திரையோடு, ஐந்து கிராம்.
பதிவேட்டில் எல்லாக் குப்பிக்கும்
மூலப்பொருள் எங்கிருந்து என்று எழுதவேண்டும்.
பதினேழாம் குப்பிக்கு எதிரே
என் கையெழுத்தில் இருக்கிறது:
மேல்தாடை, இடப்பக்கம்.