ஒருமை பன்மை மயக்கம்

நாலாயிரத்து முன்னூற்றுப் பதினேழு வழக்குகள்.
எல்லாவற்றுக்கும் இப்போது ஒரே தலையெண்,
ஒரே நீதிபதி,
டொலீடோவில் ஆறு தெரியும் ஓர் அறை.

ஐடஹோவின் உருளைக்கிழங்கு வயலிலிருந்து ஓர் இடுப்பு வந்தது.
லூசியானாவின் இறால் படகிலிருந்து இன்னொன்று.
கான்சஸில் ஞாயிறுதோறும் ஆர்கன் வாசிப்பவரின்
இடது பக்கம்.
எலுமிச்சையைப் பாதியாக அரிந்தது போல
ஒரே வார்ப்பில் வந்த உலோகக் கிண்ணம்
எல்லோருக்குள்ளும் உராய்ந்து
ரத்தத்தில் பொடியாகிக்கொண்டிருந்தது.

சேர்த்து விசாரிப்பதுதான் முறை;
கார்லிஸ் ஹேவர்காம்ப் அதை மறுக்கமாட்டான்.
ஒரே பொறியாளரை ஒரே கேள்விக்காக
ஐம்பது ஊரில் உட்காரவைப்பானேன்?
ஒரே மின்னஞ்சலை எத்தனை முறை தோண்டுவது?
பதினோரு ஆண்டாக அவன் பதிவு எழுத்தன்.
வருவதை ஏற்றுவான். கருத்துச் சொல்லக் கூடாது.

ஆளுக்கொரு படிவம், நாற்பது பக்கம்.
கேள்வி முப்பத்தெட்டு:
அறுவைக்கு முன் எவ்வளவு தூரம் நடப்பீர்கள்?
மைல் கணக்கில், எண் மட்டும்.
மொன்டானாவில், பியூட் நகரத்து வெர்னா ட்ரெலோர் எழுதியிருந்தாள்:
'நாய் களைக்கும் வரை.'
குறைபாடுள்ளது என்று திருப்பி அனுப்பினார்கள்.
இரண்டாம் முறையும் நாய்தான் வந்தது.

முதலில் நாலு பேரைப் பொறுக்கினார்கள்,
நடுவர் குழுவின் முன் நிறுத்திப் பார்க்க.
முன்னேர் போன சாலில்தானே பின்னேர் போகும்.
இரண்டு வெற்றி, ஒன்று தோல்வி,
ஒருவர் தேதி வருமுன் இறந்துபோனார்.
அதிலிருந்து ஒரு விலைப்பட்டியல் பிறந்தது:
வயதுக்கு இத்தனை கழிவு,
புகைத்தால் இத்தனை,
இரண்டாம் அறுவைக்கு இத்தனை கூட.
நாய்க்குக் கட்டம் இல்லை.

செவ்வாய்தோறும் பதினொரு மணிக்கு அவள் அழைப்பாள்.
"என் வழக்கு அங்கேதான் இருக்கிறதா?"
"இருக்கிறது, அம்மா."
"எதிலே?"
அவன் தலையெண்ணைச் சொல்வான்.
"அது எல்லோருடையது. என்னுடையதைச் சொல்."
வால் போல நீளும் எண்ணை அவன் வாசிப்பான்;
மறுமுனையில் பென்சில் கீறும் ஓசை.
ஆறு வருடம் அதே எண்ணை எழுதிக்கொண்டாள்.

நாலாயிரத்துச் சொச்சம் பேர் கையெழுத்திட்டார்கள்.
அவர்களைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்?
வாடகை இருக்கிறது, வலி இருக்கிறது.
வெர்னா போடவில்லை.
ஒரு பிப்ரவரியில், ஆற்றில் பனிப்பாளம் உடையும்போது,
கார்லிஸ் ஒரு பொத்தானை அழுத்தினான்:
வந்த ஊருக்கே திருப்பி அனுப்பப்பட்டது.
கீழே கூட்டுத்தொகையைக் கணினி தானே திருத்திக்கொண்டது.

அடுத்த செவ்வாய், பதினொன்றுக்கு, மணி அடித்தது.
"இனி நான் அங்கே கூப்பிட வேண்டாம், இல்லையா?"
"வேண்டாம்."
"இங்கே கோர்ட்டு என் வீட்டிலிருந்து ஆறு தெரு.
ஏற்றம் வேறு."
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.
"இரண்டு இடத்தில் உட்கார்ந்தால் நடந்துவிடலாம்."

அவன் கருத்துச் சொல்லக் கூடாது.
"பனி இருக்கும்," என்றான். "பார்த்து."