மாலை ஆறு நாற்பது

முப்பத்திரண்டு வீடுகள், நான்கு பெண்கள், ஒரு வேன்.
வேனில் ஏசி பாதி நாள்தான் வேலை செய்யும்.
இதுதான் என் நிர்வாகம்.
திங்கட்கிழமை காலைகளில் அட்டவணையில் பிள்ளைகளை நகர்த்துவேன்,
காய்ச்சல்காரனைப் புதனுக்கு,
ஊருக்குப் போனவளை அடுத்த மாதத்துக்கு.

பதினேழாம் வீட்டைப் பற்றி
நஸ்மியா மூன்று முறை எழுதியிருந்தாள்:
“வயது இரண்டரை. பொம்மை தொடுகிறான்.
தாய் ஒத்துழைக்கிறார். பேச்சில்லை.”
கல்முனைக்காரி. முத்து முத்தான கையெழுத்து.
அவள் விடுப்பில் போன வாரம்
பொம்மைப் பையைத் தூக்கிக்கொண்டு நானே போனேன்.

அஜ்மான், நுஐமியா, நான்காம் மாடி.
ஒரு கதவு. கதவுக்குள் சந்து. சந்துக்குள் மூன்று கதவு.
மூன்றாவதில் நின்ற செண்பகவல்லி
வா என்று சொல்லவில்லை, தலையசைத்தாள்.
செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

கட்டில். கட்டிலுக்கடியில் அரிசி.
ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் பிளைவுட்.
அந்தப் பக்கம் யாரோ புரண்டு படுத்தது
என் முதுகில் கேட்டது.
“தேஜ் அண்ணன். நேபாளம். ரொட்டிக்கடையில ராத்திரி வேலை,”
என்றாள், உதட்டால் மட்டும்.

படப்புத்தகத்தை விரித்தேன்.
“ரித்தின்குட்டி, இது யாரு?”
பயிற்சி வகுப்பில் நானே சொல்லிக்கொடுக்கும் உற்சாகக் குரல்.
தாயும் மகனும் ஒரே நொடியில்
விரலை உதட்டில் வைத்தார்கள்.
அவன் விரல் அவள் விரலைவிட நேராக இருந்தது.

பிறகு கட்டிலில் நகர்ந்து வந்து
என் காதில் வாயை வைத்தான்.
“பூனை. பால் சிந்திருச்சு. அம்மா அடிக்கும்.
அப்புறம் தூக்கிக்கும்.”
வெறும் காற்று. தொண்டையே இல்லை.
நாலு வாக்கியம், சரியான வரிசையில்.

“இவன் பேசுறானே!”
“பேசுவான் மேடம்.
நஸ்மியாக்கா காதைக் கொடுக்கல.”

படிவத்தில் இரண்டு கட்டம்: பேசுகிறான், பேசவில்லை.
கிசுகிசுப்புக்குக் கட்டம் போட
யாருக்கும் தோன்றவில்லை. அந்தப் படிவத்தை வடிவமைத்தது நான்.

அடுத்த கேள்வி:
ஒரே கதவுக்குள் எத்தனை குடும்பங்கள்?
செண்பகவல்லி என் முகத்தைப் பார்க்கவில்லை,
பேனாவைப் பார்த்தாள்.
அந்த எண் எந்த மேசை வரை போகும்
என்பது எனக்கும் தெரியாது.
ஒன்பது வருடத்தில் நான் காலியாக விட்ட முதல் கட்டம் அது.
நஸ்மியா விட்டிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

ரொட்டிக்கடை வண்டி தேஜை ஏற்றிப் போவது ஆறரைக்கு.
ரித்தினின் அப்பா டயர் கடையிலிருந்து
அலுத்து வந்து விழுவது எட்டுக்கு.
இடையில் ஒன்றரை மணி நேரம்
அந்தப் பலகைக்கு இருபுறமும் யாரும் தூங்குவதில்லை.
காலை பத்தை அழித்தேன். ஆறு நாற்பது என்று அடித்தேன்.
ஓட்டுநருக்கு ஓவர்டைம். காரணம் கேட்டது மேலிடம்.
‘தூக்க நேரம்’ என்று எழுதினேன்.
யாருடையது என்று அவர்கள் கேட்கவில்லை.

முதல் வாரம் அதே கிசுகிசுப்பு.
இரண்டாம் வாரம் நஸ்மியா காதைக் கொடுத்தாள்,
அவ்வளவுதான்.
மூன்றாம் வாரம் அவளுக்குத் தொண்டை கட்டியதால்
இருவரும் சமமாகப் பேசினார்களாம்.

ஐந்தாம் வாரம் ஏழேகாலுக்கு ஒரு குரல்செய்தி.
அதில் நஸ்மியா பேசவே இல்லை.
அடுக்கிய டப்பாக்கள் சரியும் சத்தம்.
உடனே ஒரு கத்தல்,
சொல் எதுவும் இல்லாதது, ஆனால் முழுத் தொண்டையில்.
செண்பகவல்லியின் பழகிப்போன ‘ஷ்ஷ்’.
பிறகு அவளே சிரிப்பது.

கீழே எழுத்தில் கேட்டிருந்தாள்:
இதை எந்தக் கட்டத்தில் போட?

இன்னும் பதில் அனுப்பவில்லை.
நாளை வெள்ளிக்கிழமை, தேஜுக்கு விடுமுறை.
அந்த வீட்டில் நாளை முழுக்க
காதுக்குள்தான் பேச்சு.